மலையேற்றமும் ஒரு பள்ளிக்கூடமும்

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை (5,364 மீட்டர்) பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்டி நடந்துவிட்டு வந்தோம். நிறையப் பேர் படம் கேட்கிறீர்கள், போடுகிறேன். ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுவது, இறங்கும் வழியில் சோலுகும்பு மாவட்டத்தில் அந்தக் கிராமப் பள்ளியில் தங்கிய நாட்களைத்தான்.

1953இல் டென்சிங் நோர்கேயுடன் சிகரம் தொட்ட எட்மண்ட் ஹிலாரி, ஷெர்பா மக்கள் கேட்டதால் 1961இல் கும்ஜுங்கில் பள்ளி கட்டினார். அவர்கள் கேட்டார்கள், பிறகுதான் இவர் கட்டினார்.

நாங்கள் தங்கிய பள்ளியிலும் முடிவு அவர்களுடையதுதான்: எங்களைப் பாடம் நடத்த ஆசிரியை விடவில்லை. "நீங்கள் போனதும் நான் முதலிலிருந்து தொடங்கணும்" என்றார். முழு நியாயம். அலமாரிக்கு வண்ணம் அடித்தோம், புத்தகங்களுக்கு அட்டை போட்டோம், மாலையில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதை பேசினோம். அவர்களின் கூச்சச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்றில் எனக்குச் சமரசமே இல்லை. விமானக் கட்டணம், வழிகாட்டி, சுமைதூக்கும் தொழிலாளர் கூலி எல்லாம் நம் கைக்காசு. மற்றவர்கள் தந்த பணம் முழுக்கப் பள்ளிக்கு.

கிளம்பப் போகிறவர்கள், தேதி குறிக்கும் முன் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். தேர்வு நேரம் என்றால் பணத்தை மட்டும் அனுப்புங்கள்.