கப்பலைக் காணுமுன்

கடலோரத்திற் பிறந்தவர் எல்லோரும் கடலை அறிந்தவர் அல்லர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் சில கட்டை தூரத்தில் கடல் எதிர்ப்பட்டுவிடும். ஆயினும் நம்மிற் பெரும்பாலோருக்கு அது காற்று வாங்குவதற்கும் ஆடி அமாவாசையில் தீர்த்தமாடுவதற்கும் உரியது. மேற்பரப்பையே நாம் கடல் என்கிறோம். அதன் அடியை அறிந்தவர்கள் சங்கு குளிப்போரும் முத்துக் குளிப்போருமாகிய சுழியோடிகளே. காலிலே கல்லைக் கட்டி இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்து மேலே வந்தவர்கள் அவர்கள். மன்னார்ச் சலாபத்திலே சுறாவின் வாயைக் கட்டுவதற்கெனக் 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரரும் இருந்தார். அவர் வராத நாளிற் கடலில் இறங்க மறுத்தார்களாம். அச்சத்தை ஒழிக்க முடியாதபோது, அதற்கு ஓர் ஒழுங்கையாவது ஏற்படுத்திக்கொள்வது மனித இயல்பு.

வருகின்ற மே மாதத்தில், மட்டக்களப்புக்கு வடக்கே கல்குடாவுக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் 'பிரிட்டிஷ் சார்ஜன்ற்' என்னும் எண்ணெய்க் கப்பலை நான் காணவிருக்கிறேன். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. அது ஐம்பது மீற்றருக்கும் அப்பாற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. என் போன்றோர் நினைக்கத்தகாத ஆழம். எண்ணெய்க் கப்பலோ ஏறத்தாழ 24 மீற்றரில் உள்ளது. முதற்பயிற்சியைச் சென்ற ஆண்டிலே திருகோணமலையில் முடித்த எனக்கு இதுவே முதற் கப்பற் சுழியோட்டம்.

ஆயத்தம் என்பது பெரும்பாலும் மூச்சைப் பற்றியது. கீரிமலைக் கேணியிலே விடியற்காலையில், கூட்டம் சேருமுன், முகக்கண்ணாடிக்குள் நீரை விட்டு மூக்கினால் ஊதி வெளியேற்றப் பழகுகிறேன். பத்துத் தடவை, இருபது தடவை, கண்ணை மூடிக்கொண்டும் பழகுகிறேன். சுண்ணக்கற் பாறையின் வழியே நிலத்தடி நன்னீர் ஊறிவரும் கேணி அது. ஒரு சுவருக்கு அப்பால் உப்புக்கடல். தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்யும் அத்தீர்த்தத்திலே நான் மூச்சுவிடக் கற்கிறேன். என் தந்தைக்குரிய கடனையும் அங்கேதான் ஆண்டுதோறும் செய்கிறேன். ஆகையால் அம்மாவுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 24 மீற்றரில் அது மேற்பரப்பிலுள்ளதன் 3.4 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றை இழுப்பவன் அங்கே 68 லீற்றரை இழுப்பான். பன்னிரண்டு லீற்றர் உருளையில் 200 பார் அமுக்கத்தில் 2400 லீற்றர் காற்று அடங்கும். வகுத்துப் பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம். பதற்றம் வந்தால் இது பாதியாகலாம். ஆகவே அமைதியும் காற்றைப் போலவே எடுத்துச் செல்லவேண்டிய ஒரு பொருள். இதைவிட நுட்பமான கணக்கு நைதரசனுடையது. அமுக்கத்திலே குருதியிலும் இழையங்களிலும் கரையும் அவ்வாயு, விரைந்து மேலெழுந்தால், திறந்த சோடாப் போத்தலிற்போலக் குமிழாகிறது. அக்குமிழ் மூட்டிலே தங்கினால் நோவு. முள்ளந்தண்டிலே தங்கினால் முடம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலே ஓர் அண்ணை இருக்கிறார். கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்கியவர். ஒரே நாளிற் பல தடவை இறங்கி ஏறினார். ஒரு பிற்பகலில் வள்ளத்திலே இருந்தபடியே கால்கள் மரத்துப்போயின. இன்று சக்கர நாற்காலியில் இருந்தபடி வலை பொத்துகிறார். என் பயணத்தைக் கேள்வியுற்றதும் என்னை அழைத்தார். தடுப்பார் என்று எண்ணிச் சென்றேன். அவரோ என் அட்டவணையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இறங்கிறதுக்கு ஆர் வேணுமெண்டாலும் இறங்கலாம். ஏறுறதுதான் தொழில்" என்றார். சற்றுப் பொறுத்து, "கீழை அட்டை கிடக்கேக்கை கணக்கு ஞாபகம் வராது. மேலை இருக்கேக்கையே முடிவெடுத்திட வேணும்" என்றார்.

பாடநூல் பல பக்கங்களிற் கூறுவதை அவர் இரண்டு வசனங்களிற் கூறிவிட்டார். அவருக்கு இந்த அட்டவணையை எவரும் காட்டியதில்லை. கடலட்டைக்கு விலை பேசியவர்கள் அமுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் விருப்பத்துக்காக இறங்குகிறேன். அவர் வயிற்றுக்காக இறங்கினார். கடலின் பௌதிகம் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை; கரையிலுள்ள நாமாவது பார்க்கவேண்டும்.

ரொறன்ரோவில் வாழும் என் ஒன்றுவிட்ட அண்ணனும் சுழியோடுபவர். அங்கே கடல் இல்லை. கடல் போன்ற ஏரிகள் உண்டு. ஹியூரன் ஏரியின் ரொபமோரித் துறையிலே 'சுவீப்ஸ்ரேக்ஸ்' என்னும் மரப் பாய்க்கப்பல் 1885 இல் மூழ்கியது. ஏறத்தாழ ஆறு மீற்றர் நீருக்குள் அதன் உடல் இன்றும் உருக்குலையாமல் இருக்கிறதாம். குளிர்ந்த நன்னீரிலே மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு வாழ்வதில்லை. ஆனால் அக்குளிர் மனிதனுக்குப் பகை. காற்றைவிட நீர் இருபத்தைந்து மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரும். விரல் மரத்தால் ஒரு கொளுக்கியைக்கூடக் கழற்ற முடியாது. அதனால் நீர் புகாத உடையணிந்து, மாதக்கணக்கிற் பழகிய பின்பே இறங்குகிறார்கள். நமது இளஞ்சூட்டுக் கடலுக்கு மெல்லிய இறப்பர் உடையே போதும். ஆயினும் அண்ணன் சொன்னது ஒன்று: "குளிர் ஆளை எச்சரிக்கும், சூட்டுக்கடல் எச்சரிக்காது."

அவரது பேச்சு என்னை வேறோர் எண்ணத்துக்கும் இட்டுச்சென்றது. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த செய்தியை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அத்தகைய மரக்கலங்கள் எத்தனையோ நம் கரைகளிலிருந்து சென்றன. மூழ்கியவற்றை எங்கே சென்று காண்பது? சேற்றிலே புதையாத மரத்தைப் புழு தின்றுவிட்டது. இரும்பு கிடக்கிறது, மரம் கிடக்கவில்லை. எண்ணெய் ஏற்றிய அந்நியக் கப்பலைக் காணச் செல்லும் நான், நம்முடைய கலங்கள் இல்லாத இடத்தையும் சேர்த்தே காணச் செல்கிறேன் என்று தோன்றுகிறது.

அம்மாவின் மறுப்பு அறியாமையால் வந்ததன்று. நாள்தோறும் அந்த அண்ணையின் வீட்டைக் கடந்து கோயிலுக்குச் செல்பவர் அவர். "அவனும் கடல் தெரிஞ்சவன்தானே" என்ற ஒரு வார்த்தைக்குமேல் அவர் வாதாடவில்லை. அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. திட்டம் மட்டுமே இருந்தது. நீருக்கடியில் எழுதும் பலகையை எடுத்துவந்து ஒவ்வொன்றாக விளக்கினேன். காற்றில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, எஞ்சியது எதிர்பாராததற்கு என்ற கப்பற் சுழியோடிகளின் விதியையும் சொன்னேன். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்துநிற்பதையும் சொன்னேன். முழுவதையும் கேட்டபின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "கப்பலுக்குள்ளை போவியோ?"

போகவேண்டும் என்பதே என் ஆசை. இயந்திர அறையைக் காணும் ஆசையிலேயே இத்தனை மாதம் பழகினேன். ஆனால் வெளிநீரில் மேலே நோக்கினால் வெளிச்சம் உண்டு. கப்பலுக்குள் மேலே நோக்கினால் இரும்பு. முதல் இறக்கத்திலே அதற்குரிய தகுதி எனக்கில்லை என்பதைக் கணக்கும் சொன்னது, அண்ணையின் நாற்காலியும் சொன்னது. "போகமாட்டேன்" என்றேன். அம்மா எழுந்து அடுப்படிக்குச் சென்றார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பலகையிலே இப்போது மூன்று எண்கள் உள்ளன: 24 மீற்றர், 20 நிமிடம், 100 பார். இவற்றுள் எது முதலில் வந்தாலும் நான் திரும்பவேண்டும். அவற்றின் கீழே, அண்ணை சொன்னபடி, மேலே இருக்கும்போதே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: உள்ளே செல்வதில்லை.