பாதி மைக்

டிஜிட்டல் என்றாலே அப்படித்தான் என்று ஒரு பேச்சு உண்டு. டேப்பில் பதிந்த பழைய பாட்டு இதமாம், கம்ப்யூட்டரில் பதிந்தது காதைக் குத்துமாம். அக்கா பாடி, நான் வீட்டிலேயே பதிந்து மிக்ஸ் செய்த பாட்டைக் கேட்டவர்களில் பலரும் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்றைய சினிமாப் பாட்டும் கம்ப்யூட்டரில்தானே பதிவாகிறது? அது குத்தவில்லையே.

பெரியப்பா மட்டும் டிஜிட்டலைத் திட்டவில்லை. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரெக்கார்டிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். பாட்டை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போனார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு ஹாலில் நின்று கேட்டார். "கூசுது" என்றார்.

"எந்த இடத்துல பெரியப்பா?"

"அத நீதான்டா சொல்லணும்."

எப்படியெல்லாமோ மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். குரலா? கஞ்சிராவா? கிடாரா? காபி குடித்தார், மின்வெட்டைப் பற்றிப் பேசினார், கிளம்பினார்.

ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் திறந்தேன். வீட்டில் மிக்ஸ் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை ஒன்று இருக்கிறது. ஒரு பேண்டை ஊசி மாதிரி குறுக்கி, 12 டெசிபல் தூக்கி, இடமிருந்து வலமாக மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். எங்கே கொடூரமாக ஒலிக்கிறதோ அங்கே வெட்டு. 3.2 கிலோஹெர்ட்ஸில் கிறீச்சிட்டது, வெட்டினேன். 4.7-இல் தகரம் அடித்தது, வெட்டினேன். 6, 8, அப்புறம் 10, 12 என்று திரை முழுக்கப் பள்ளங்கள். ராத்திரி வெட்டியதைக் காலையில் கேட்டால் புதிதாக இன்னொரு இடம் உறுத்தும். எந்த இடத்தைத் தூக்கினாலும் அலறுகிறதே என்பதுதான் கடைசியில் என்னை உட்கார வைத்தது. 12 டெசிபல் என்றால் அலைவீச்சு நாலு மடங்கு. தேர்ந்த பாடகர் குரலில் ஒரு சின்னத் துண்டை நாலு மடங்காக்கினாலும் அது குற்றவாளி மாதிரிதான் கத்தும். குற்றத்தைக் கண்டுபிடிக்கிற கருவி அல்ல இது, உண்டாக்குகிற கருவி.

அந்த மிக்ஸையும் பெரியப்பாவுக்குப் போட்டேன். "இப்ப கூசல. பாடுறது யாரு?" என்றார். அக்கா கம்பளிக்குள் இருந்து பாடுவது போலத்தான் இருந்தது.

வழி காட்டியது அவர் சொன்னது அல்ல, அவர் வயது. வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். எண்பதை நெருங்குகிறவருக்கு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறது? நான் மாங்கு மாங்கென்று வெட்டியதில் பாதி அவர் காதுக்கு எட்டாத இடம். ஆனாலும் கூசியிருக்கிறது என்றால் அது கீழே எங்கேயோ இருக்க வேண்டும். அதே பாட்டை இயர்ஃபோனில் கேட்ட அண்ணன் மகன் சொன்ன குறை வேறு: "ஸ் எல்லாம் சீறுது சித்தப்பா." அப்படியானால் கூச்சம் இரண்டு. கிழவருக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று.

பையனுடையதை முதலில் எடுத்தேன். என் மைக் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சீனத் தயாரிப்பு. மலிவு மைக், அதனால் சீறுகிறது என்று முடித்துவிடலாம். ஆனால் மலிவுக்கு எதற்கு உச்சம் தூக்கலாக இருக்க வேண்டும்? மட்டமாகத்தானே இருக்க வேண்டும்? வலையைக் கழற்றிப் பார்த்தேன். தங்கம் பூசிய வட்டச் சவ்வு, அதன் நட்ட நடுவில் பொடித் திருகு ஒன்று. அந்தத் திருகு ஒரு குலச்சின்னம். பெர்லின் நியூமன் நிறுவனம் 1960-இல் யு 67 மைக்குக்காகக் கொண்டுவந்த கே 67 காப்ஸ்யூலின் அச்சு அது. பெரியப்பா ஸ்டுடியோவில் இருந்த யு 87-உம் அதே வம்சம்தான். அதில் குரல் இப்படிச் சீறியதே இல்லை என்பார்.

விஷயம் சர்க்யூட்டில் இருக்கிறது. கே 67 காப்ஸ்யூலில் உச்சம் தூக்கலாக இருப்பது பிசகு இல்லை, திட்டம். சவ்விலேயே உச்சத்தைத் தூக்கிவிட்டு, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு இறக்கிவிடுவார்கள். இறக்கும்போது ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். எஃப்.எம். ஒலிபரப்பிலும் இதே ஏற்பாடுதான்: நிலையம் தூக்கி அனுப்பும், ரேடியோ இறக்கிக் கொடுக்கும். என் மைக்குக்குள் அந்த இறக்கம் இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மரும் இல்லை, ஒரு எஃப்.இ.டி., வெளிவாயில் இரண்டு ட்ரான்சிஸ்டர். கார்ல்ஸ்ரூஹேயில் ஷோப்ஸ் நிறுவனம் தன் மைக்குகளுக்காக உருவாக்கிய அழகான, சிக்கனமான சர்க்யூட் அது. உள்ளே வருவதை அப்படியே வெளியே தரும். அதற்கு இறக்கத் தெரியாது, இறக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. காப்ஸ்யூல் பெர்லின் வழி, சர்க்யூட் கார்ல்ஸ்ரூஹே வழி. நகலெடுத்தவர்கள் தூக்குகிற பாதியை எடுத்துக்கொண்டு, இறக்குகிற பாதியை விட்டுவிட்டார்கள்.

இது தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஊசிப் பள்ளங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். 5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி அகலமாக, சரிவாக உச்சத்தை இறக்கும் ஒரே ஒரு ஷெல்ஃப், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து மைக்குக்குள்ளேயே சரி செய்கிறவர்கள் உண்டு. சால்டரிங் அயர்னோடு எனக்கு அத்தனை நட்பு இல்லை. பாட்டை மீண்டும் பாடவைத்தபோது மைக்கை அக்காவின் வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுத் திருப்பி வைத்தேன். சீறல் அடங்கியது.

பெரியப்பாவின் கூச்சம் பல்லவியில் இருந்தது. அங்கே அக்காவின் குரலையே மூன்று அடுக்காக வைத்திருந்தேன். காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை அடைத்த குழாய். அதனால் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதுவே கூடுதலாக ஒலிக்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகளிலும் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த வட்டாரத்தில்தான். மூன்று குரலும் ஒரே இடத்தில் முட்டினால் எந்த வயதுக் காதும் கூசும். பின்குரல் இரண்டிலும் அந்த இடத்தைக் கொஞ்சம் தணித்து, அளவையும் இறக்கினேன்.

பெரியப்பா மறுபடி ஹாலில் நின்று கேட்டார். இம்முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். "ரெண்டாவது சரணத்துல ஒரு விசில் வருதே, அது என்ன?"

தேடிப் பிடித்தேன். ஒரே ஒரு 'ஸ்', 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மெல்லிய சீழ்க்கை. ஷெல்ஃபுக்கும் மசியவில்லை, திருப்பி வைத்த மைக்குக்கும் மசியவில்லை. பழைய டேக், புதிய டேக் எல்லாவற்றிலும் இருந்தது. அக்காவையே கேட்டேன். அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். போன வருஷம் முன்பல்லுக்கு கேப் போட்டிருக்கிறாள். "அப்போ இருந்தே 'ஸ்' சொன்னா காத்து போகுதுடா. உனக்கு இப்பத்தான் கேட்டுச்சா?"