மயில்கழுத்து

மழை விட்ட தார் ரோட்டில், லாரியிலிருந்து சொட்டிய டீசல் பரவிக் கிடக்கும்போது தெரிகிற நிறத்துக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலக் கவிதை ஒன்றை மொழிபெயர்க்கையில் ‘இரிடிஸெண்ட்’ என்ற சொல் நான்கு நாட்கள் என்னை நகரவிடவில்லை. அகராதிகள் விளக்கம் தருகின்றன, சொல் தருவதில்லை. விளக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாது.

ஆங்கிலச் சொல்லும் ஆதிகாலத்தது அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வானவில்லின் கிரேக்க தேவதை ஐரிஸின் பெயரோடு லத்தீன் விகுதி சேர்த்துச் செய்துகொண்டது. 1803இல் கண்டுபிடிக்கப்பட்ட இரிடியம் உலோகமும் அவள் பெயரில்தான். அதன் உப்புகள் பலநிறம் காட்டியதால்.

‘வானவில் நிறம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நம் கவிஞர்கள் கையில் வானவில் கல்யாணப் பந்தலின் சீரியல் விளக்காகிவிட்டது. தவிர, வானவில்லில் நிறங்கள் வரிசையாக நிற்கின்றன, எண்ணிவிடலாம். டீசலிலும் சிப்பியின் உட்புறத்திலும் புறாவின் கழுத்திலும் அப்படியில்லை. தலையைச் சற்றுச் சாய்த்தால் பச்சை ஊதாவாகிறது. மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் உண்டாக்குகிற நிறம் அது. மயிலிறகை அரைத்துப் பார்த்தால் நீலப்பொடி கிடைக்காது, கரும்பழுப்புதான் மிஞ்சும். சிப்பிகளின் இந்த நிறங்களை சி.வி. ராமன் 1930களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில்.

சொல் இருந்த இடம் தறி. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பாவு நீலமும் ஊடை பச்சையுமாக நெய்த பட்டு, மடிப்பு விழும் இடத்தில் ஒன்றாகவும் விரிந்த இடத்தில் மற்றொன்றாகவும் தெரியும். இதை மயில்கழுத்து என்கிறோம். நெய்தவரோ வாங்கியவரோ யாரும் இதைக் கவிதை என்று நினைத்ததில்லை. இந்திக்காரர்கள் இந்த மாதிரி நெசவை ‘வெயில்-நிழல்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பொறாமைப்பட வைக்கிற சொல். ஜவுளிக்கடைகளில் இப்போது ‘டபுள் ஷேட்’ என்பதும் காதில் விழுகிறது. அது இரண்டு என்று எண்ணிச் சொல்கிறதே ஒழிய, நிறம் அசைவதைச் சொல்வதில்லை.

டீசலுக்கு மயில்கழுத்து என்று எழுதினேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் ஆட்சேபித்தார்: மயில் வந்தால் முருகனும் கூட வருவார், சாக்கடையோரத்தில் அவருக்கு என்ன வேலை என்று. எனக்கோ அந்த உரசல் வேண்டியிருந்தது. மூலத்தின் சொல்லிலும் ஒரு தேவதை ஒளிந்திருக்கிறாள், ஆங்கில வாசகனுக்கு மறந்துபோயிருந்தாலும். வரியை மாற்றவில்லை.

ஆனால் அடுத்த பத்தியில் மீன் செதில் வருகிறது. அதே ஆங்கிலச் சொல். அங்கே மயில்கழுத்து செல்லாது. வெள்ளிக்குள் ரோஜா தெரிந்து மறைகிற வெளிறல் அது. காசிமேட்டில் மீன் விற்கிற பெண்களிடம் கேட்கலாமென்றிருக்கிறேன்.