பருப்பு வேகாத ஊர்

'உன் பருப்பு இங்கே வேகாது' என்று பேச்சுக்குச் சொல்வோமே, அந்த வார்த்தை நிஜமாகவே பலிக்கிற ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். சும்மா சுற்றிப் பார்க்கப் போன இடம்தான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க ஏழு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்த வேண்டி வந்ததால், மற்ற ஊர்களைப் போல அதை மறக்க முடியவில்லை.

என் பெண் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்குச் சம்பந்தியம்மா போய் வந்தார்கள். பேரனுக்குச் சோறு ஊட்டுகிற சமயத்துக்கு என் முறை. ஜூலை மாதம் ஒரு நாள் மாப்பிள்ளை, "அத்தை, எத்தனை நாள்தான் சமையல்கட்டையே பார்த்துட்டிருப்பீங்க? நாலு நாள் மலைக்குப் போயிட்டு வரலாம், வாங்க" என்றார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மலையா என்று எனக்குக் கொஞ்சம் யோசனைதான். குழந்தை டாக்டரைக் கேட்டதில், "ஒரேயடியாக உயரத்துக்குப் போகாதீர்கள். நடுவில் தங்கித் தங்கிப் போங்கள். குழந்தை பால் குடிக்காமல் விடாமல் அழுதால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்" என்றாராம்.

நாங்கள் போன இடத்தின் பெயர் சான் ஹுவான் கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தனிக் கோர்ட்டு, தனி போலீஸ் அதிகாரி எல்லாம் உண்டு. ஜனங்கள்தான் இல்லை! 2020-ல் எடுத்த கணக்கில் மொத்த ஜனத்தொகை 705. லட்சமோ ஆயிரமோ விட்டுப் போய்விடவில்லை, எழுநூற்று ஐந்தே பேர். நம்மூரில் கொஞ்சம் பெரிய கல்யாணம் என்றால் இதைவிட அதிகம் இலை விழும். இத்தனைக்கும் பரப்பளவு 388 சதுர மைல். ஒரு சதுர மைலுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கொலராடோவில் இருக்கும் 64 கவுண்டிகளில் ஜனம் மிகக் குறைந்தது இதுதான். இருக்கிற ஒரே ஊரின் பெயர் சில்வர்ட்டன். அதன் உயரம் 9,318 அடி. நம் நீலகிரியில் தொட்டபெட்டா சிகரமே 8,650 அடிதான். அதன் உச்சிக்கும் மேலே ஒரு கடைத்தெரு, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

டென்வரிலிருந்து காரில் ஒரு பகல் முழுவதும் பயணம் செய்து டுராங்கோ என்ற ஊரை அடைந்தோம். அது சுமார் 6,500 அடி. டாக்டர் சொன்னபடி அங்கே இரண்டு நாள் தங்கினோம். மூன்றாம் நாள், ஒரு ராத்திரிக்கு மட்டும் சில்வர்ட்டன். சுமை எதற்கு என்று பெட்டிகளையும் பிரஷர் குக்கரையும் டுராங்கோ விடுதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம். இந்தக் குக்கர் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை காரில் வர, நானும் பெண்ணும் குழந்தையும் ரயிலில் போனோம். 1882-ல் போட்ட பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றே அடி. நீராவி எஞ்சின் 45 மைல் தூரத்தை மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு ஏறுகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் எங்கேயோ கீழே அனிமாஸ் ஆறு. சில வளைவுகளில் கீழே பார்க்காமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னவோ எஞ்சின் கூவுகிறபோதெல்லாம் சிரித்தான். அந்த ஆற்றுக்கு ஸ்பானியர்கள் வைத்த முழுப் பெயருக்கு 'தொலைந்த ஆத்மாக்களின் ஆறு' என்று அர்த்தமாம். போகிற வழியில் இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஊர் என்னவோ படம் போட்டது மாதிரி இருந்தது. நாலா பக்கமும் மலை, நடுவில் தட்டு மாதிரி சமதரை. ஒரு பெரிய தெருவுக்குத்தான் தார். மற்றதெல்லாம் மண்ணும் சரளையும். தங்க நிறக் கும்பம் வைத்த கோர்ட்டு. ரயில் நின்றதும் தெரு கொள்ளாத கூட்டம்! எல்லாரும் சாப்பிட்டு, சாமான் வாங்கி, மறுபடி ரயில் ஏறிப் போனதும் ஊர் அப்படியே அடங்கிவிட்டது. அந்த 705 பேரின் ஊர் அதற்கப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வளவு உயரத்தில் மனுஷர்கள் ஏன் வந்து குடியேறினார்கள்? வேறென்ன, வெள்ளியும் தங்கமும்தான். அதற்கு முன்னால் இது யூட் என்ற பழங்குடி மக்களின் மலை. வெயில் காலத்தில் வேட்டைக்கு வந்துவிட்டு, பனி விழுமுன் இறங்கிவிடுவார்கள். புத்திசாலிகள்! 1860-ல் தங்கம் தேடி முதல் கூட்டம் வந்தது. 1873-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு யூட் மக்களிடமிருந்து இந்த மலைகளை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷமே சில்வர்ட்டனுக்கு மனை பிரித்தாயிற்று. 1876-ல் கவுண்டி உண்டாயிற்று. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்வீடன் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். சீனர்களும் வந்தார்கள். அவர்களை 1902-ல் ஊரைவிட்டே துரத்தினார்களாம். அதைப் பற்றி அந்த ஊரில் யாரும் பெருமையாகப் பேசவில்லை என்பது ஒரு ஆறுதல். 1910-ல் கவுண்டியின் ஜனத்தொகை 3,063. அதற்கப்புறம் இறங்குமுகம். இன்னும் மேலே, 11,000 அடிக்கும் மேல், அனிமாஸ் ஃபோர்க்ஸ் என்று ஒரு ஊரே இருந்தது. பனி மூடிய காலத்தில் வீட்டுக்கு வீடு பனிக்குள் சுரங்கம் வெட்டித்தான் போய் வருவார்களாம். இப்போது அங்கே காலி மரவீடுகள் மட்டும் நிற்கின்றன.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். மாடியில் ஒரு அறையும் சின்ன சமையல்கட்டும் வாடகைக்கு விடுகிறார். குழந்தையைக் கண்டதும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் பாதி இங்கிலீஷ், மீதி ஜாடை. இருந்தாலும் பேச்சு நிற்கவில்லை.

"காய்கறியெல்லாம் எங்கே விளைகிறது?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கவுண்டி முழுவதும் தேடினாலும் ஒரு ஏக்கர் உழவு நிலம் கிடையாதாம். ஜூலையிலேயே ராத்திரி உறைபனி விழுந்துவிடும். கீரையிலிருந்து முட்டைவரை எல்லாம் லாரியில் ஏறி வர வேண்டும். தெற்கே டுராங்கோவுக்குப் போகிற சாலையில் இரண்டு கணவாய்கள், இரண்டும் 10,600 அடிக்கு மேல். வடக்கே போகிற சாலையில் 11,018 அடியில் ஒரு கணவாய். குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் இரண்டு பக்கமும் மூடிவிடுவார்கள். 1884-ல் ரயில் 73 நாள் வராமல் ஊர் தவித்திருக்கிறது. "அதனால் எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் ஒரு மாதச் சாமான் இருக்கும்" என்றார். மழைக்காலத்துக்கு முன் உப்பு, புளி, வடாம் எல்லாம் சேர்த்து வைக்கிற நமக்கு இது புரியாதா என்ன?

அவர் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1978-ம் வருஷம் ஜூன் 4-ம் தேதி, ஒரு சாயங்காலம், மேலே இருந்த எம்மா ஏரியின் அடி உடைந்து, ஏரித் தண்ணீர் முழுவதும் சேறோடு சன்னிசைட் சுரங்கத்துக்குள் பாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த பெரிய இயந்திரங்களெல்லாம் துரும்பாகப் போயின. அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஒரு ஆள்கூட இல்லை! மலைச்சரிவில் 1959-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வைத்த வெள்ளைச் சலவைக்கல் ஏசு சிலை ஒன்று இருக்கிறது. அவர்தான் காப்பாற்றினார் என்று அந்த அம்மாள் சிலை இருந்த பக்கம் கையைக் காட்டினார். திங்கள் காலை ஷிப்டுக்கு அவர் கணவர் போயிருக்க வேண்டியவர்.

ஏரி தப்பவிட்டதை விலைவாசி தப்பவிடவில்லை. 1991-ல் அந்தச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அதுதான் கடைசி. 1990-ல் 745 பேராக இருந்தது, 2000-ல் 558 ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் நடக்குமா என்றே பயம் வந்ததாம். சிறுவர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே கட்டடம், மொத்தம் நூறு பிள்ளைகள்கூடக் கிடையாது. பள்ளிக்கூடம் மூடினால் சின்னக் குடும்பங்கள் போய்விடும், அப்புறம் ஊர் எதற்கு? 2015 ஆகஸ்டில் மூடிய சுரங்கம் ஒன்றைச் சரிபார்க்க அரசாங்க ஆட்கள் தோண்டும்போது, தேங்கியிருந்த விஷத் தண்ணீர் உடைத்துக்கொண்டு, முப்பது லட்சம் காலன், அனிமாஸ் ஆற்றில் கலந்தது. ஆறே ஆரஞ்சு நிறமாக ஓடியதை நம்மில் சிலர் டெலிவிஷனில் பார்த்திருப்போம். இப்போது ஊர் பிழைப்பது வெளியூர்க்காரர்களை நம்பித்தான். ஆனால் அவர்களே வீடுகளையும் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். "குளிர்காலத்தில் என் தெருவில் பாதி ஜன்னலில் விளக்கு கிடையாது" என்றார்.

நான் கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டேவிட்டேன். "ஆஸ்பத்திரி எங்கே?"

கவுண்டியில் ஆஸ்பத்திரி கிடையாது. ஆம்புலன்ஸ் உண்டு, அது டுராங்கோவுக்குப் போகும், சுமார் 50 மைல். அந்த அம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு தடவையும் மாதம் நெருங்கியதும் டுராங்கோவில் தங்கை வீட்டுக்கு இறங்கிவிட்டாராம். நாம் தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி. இங்கே அனுப்பி வைப்பது பனிக்குப் பயந்து.

சாயங்காலம் மெதுவாக நடந்து ஊருக்கு மேலே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். எனக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கெல்லாம் போகப் பிடிக்காது. ஆனால் போனது நல்லதாயிற்று. கல் கல்லாக 1918 அக்டோபர், நவம்பர் என்றே எழுதியிருந்தது. அந்த வருஷம் உலகமெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் இங்கேயும் வந்து, சில வாரங்களுக்குள் ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைக் கொண்டுபோய்விட்டது. பெட்டி செய்யவும் குழி வெட்டவும் ஆள் போதாமல், பலரை ஒரே குழியில் வைத்திருக்கிறார்கள். வயசாளிகளைவிட வயசுப் பிள்ளைகளும் தாய்மார்களும்தான் அதிகம். இதே கொலராடோவில் கன்னிசன் என்ற இன்னொரு மலைக் கவுண்டி, சாலைகளை மறித்து, ரயிலில் வந்து இறங்கியவர்களைத் தனியே வைத்து, அநேகமாகச் சாவே இல்லாமல் தப்பியது. ஒன்றும் ரயிலும் மலையும் உள்ள ஊர்தான், மற்றதும் அப்படித்தான். 2020-ல் நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

திரும்பி வந்து சமையலைத் தொடங்கினேன். ஒரு டம்ளர் துவரம்பருப்பு. தண்ணீர் என்னவோ சீக்கிரம் தளதளவென்று கொதித்தது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, பருப்பு விதை விதையாக முழித்துக்கொண்டு நிற்கிறது! பருப்பு பழசோ என்று கடைக்காரனைத் திட்டினேன். மாப்பிள்ளைதான் விளக்கினார். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் இங்கே தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிரச் சூடு போதாது. குக்கர் இருந்தால் ஆவியை அடைத்து அந்தச் சூட்டை ஏற்றிவிடும். குக்கர் கீழே டுராங்கோவில்! ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் கையில் நசுங்கவில்லை. ரொட்டியும் தயிரும் சாப்பிட்டுப் படுத்தோம்.

பத்து மணிக்குப் பேரன் அழ ஆரம்பித்தான். பெண் எடுத்துப் பால் கொடுத்தாள். நாலு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கே தலைவலி மண்டையைப் பிளந்தது. வயிற்றுவலியோ என்று ஓமத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தேன். "அம்மா, கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று சீறினாள். அவள் பயம் அவளுக்கு. பன்னிரண்டு மணிக்கு டென்வரில் குழந்தை டாக்டரின் ராத்திரி நர்ஸுக்கு போன் போட்டோம். அந்தப் பெண் பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். உதடு நீலம் பாரித்திருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? விலா உள்ளே இழுக்கிறதா? எழுப்பினால் கண் திறந்து பார்க்கிறானா? எத்தனை தடவை சிறுநீர் போனான்? இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். இல்லையென்றால் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், வெளிச்சம் வந்ததும் இறங்கிவிடுங்கள், கீழே போனதும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். இந்தக் கேள்விகளை நான் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மலைக்குக் குழந்தையோடு போகிற எந்தத் தாயும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து சத்தம் கேட்டு மேலே வந்துவிட்டார். "ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான், சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் என்னோடு உட்கார்ந்துகொண்டார். அரை மணிக்கொரு தரம் நான் பேரனின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

ஐந்தரைக்கு வெளுத்தது. காரில் ஏறினோம். இறங்குவதற்கும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கிறது, பாருங்கள் அந்த ஊரின் கொடுமையை! 10,910 அடி உயர மோலாஸ் கணவாயைத் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் காடு அடர்ந்து, காது அடைத்து விட்டு, சாலை நேராயிற்று. டுராங்கோவுக்குப் பத்து மைல் இருக்கும்போது பேரன் சிணுங்கினான். பெண் மார்போடு அணைத்தாள். 'மடக் மடக்'கென்று குடிக்கிற சத்தம் முன் சீட்டுக்குக் கேட்டது. மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, உயரம்தான் என்றார். விடுதிக்கு வந்து பையைத் திறந்தால், நேற்றைய அரைவேக்காட்டுப் பருப்பு டப்பாவில் அப்படியே இருக்கிறது. ராத்திரிக் குளிரில் கெடவில்லை. கொட்ட மனசு வரவில்லை. குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். வெண்ணெயாக மசிந்தது. பேரனுக்கும் நெய் விட்டு இரண்டு கரண்டி.