மறைவாய் ஒரு கணக்கு

நம் அன்னையாரிடம் ஒரு தகர டப்பா இருந்தது. அதனுள் புளியங்கொட்டைகள் கிடக்கும். ரமழானில் விடுபட்ட நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை உள்ளே போகும். பின்னர் கழாவாக ஒரு நோன்பை நோற்று முடித்தால் ஒன்று வெளியே வரும். எத்தனை மீதமிருக்கின்றன என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது சிறுபிள்ளைகளாயிருந்த நமக்கும் தெரிந்தே இருந்தது. அவர்கள் வஃபாத்தானபின் திறந்து பார்த்தோம். டப்பா காலியாக இருந்தது.

ஐம்பதைக் கடந்த வயதில், கைப்பேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு பட்டினியின் மணிகளை எண்ணத் தொடங்கியபோது, அந்த டப்பா அடிக்கடி நினைவில் வந்தது.

நீரிழிவு நம்மைப் பிடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதில் நாம் தனியரும் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணித்தது. விஸ்வநத்தத்தில் காலை வேளையில் தூக்குவாளியுடன் பட்டாசு ஆலை வேனுக்குக் காத்து நிற்கும் மக்களைப் பார்க்கிறோம். நாள் முழுதும் உழைத்து உண்போர் அவர்கள். நாமோ பாயில் அமர்ந்து ஓதிக் கொடுப்பவர். வலீமா விருந்து எதனையும் தவறவிட்டதும் இல்லை.

எனவேதான் இளைஞர் ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ என்று சொல்லும் முறை நம்மை ஈர்த்தது. இரவு எட்டு மணிக்கு உண்டு முடித்தால் மறுநாள் நண்பகல் வரை நீரும் சர்க்கரையில்லாத் தேநீரும் மட்டுமே. பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்திற்குள் உணவு. இதனை நோன்பு என்று சொல்ல நமக்கு நாக் கூசுகிறது. ‘ஸவ்ம்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தடுத்துக் கொள்ளுதல் என்பது அகராதிப் பொருள். தமிழில் நோற்றல் என்பது பொறுத்தல். சொல்லளவில் இரண்டும் இந்தப் பட்டினிக்குப் பொருந்தும். ஆயினும் நிய்யத்து இல்லாத பட்டினி இபாதத் ஆகாது. நடுவில் தேநீர் அருந்துவது எந்த மத்ஹபின் நோன்பு!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நோன்பின் மகிமையைக் கண்டறிந்ததற்காக ஜப்பானிய அறிஞர் ஒருவர் நோபல் பரிசு பெற்றார் என்று நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். யோஷினோரி ஓசுமி 2016-இல் அப்பரிசைப் பெற்றது உண்மை. ஆனால் உயிரணு தன்னுள் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்கொள்ளும் வழியை, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் ஆராய்ந்து விளக்கியதற்கே அது கிடைத்தது. மனிதரின் நோன்பை அவர் அங்கே ஆராயவில்லை. ரமழானின் சிறப்புக்கு இத்தகைய சாட்சி எதற்கு? சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருத்த 139 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. உணவைக் குறைத்ததோடு நேர வரம்பும் வைத்துக் கொண்டோர் எட்டுக் கிலோ இளைத்தனர். உணவை மட்டும் குறைத்தோர் ஆறு கிலோவுக்குச் சற்று மேல். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தக்கதாக ஆய்வாளர் கொள்ளவில்லை. நமக்கோ நேரத்தைக் கட்டுவது எளிது, தட்டைக் கட்டுவது அரிது; ஆகவே இவ்வழியைப் பற்றினோம்.

முதலில் இறக்கிய செயலி பிறந்த தேதி, எடை, தொலைபேசி எண், ஊர் அனைத்தையும் கேட்டது. கொடுத்தோம். ஏழு நாள் நிறைவேறியதும் ஒரு பதக்கத்தைக் காட்டி, நண்பர்களுக்கு அனுப்புமாறு தூண்டியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பினோம். ‘மாஷா அல்லாஹ்’ என்று பதினேழு பேர் எழுதினார்கள். எண்ணிக்கையை இன்னும் மறக்கவில்லை என்பதிலிருந்தே நம் நிலையை வாசகர் அறிந்து கொள்வர். ரியாவைப் பற்றி மாணவர்க்குப் பாடம் நடத்துகிறவரின் கதை இது.

நம் சகோதரியின் மகன் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் கணினியில் காலண்டர் வடிவமைக்கிறான். அவன்தான் முஸ்லிம் புரோ செய்தியை எடுத்துச் சொன்னான். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் அந்தச் செயலியைப் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைவானோர் இறக்கியிருந்தனர். அவர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோடு என்னும் தரகு நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் தகவல்கள் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களை எட்டியதையும் 2020 நவம்பரில் வைஸ் ஏடு வெளிப்படுத்தியது. செயலியை நடத்தியோர் உடனே அத்தொடர்பை முறித்ததாக அறிவித்தனர். மக்கள் எங்கே தொழுகிறார்கள், எங்கே மருத்துவம் பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் தகவலை அத்தரகர் விற்கக் கூடாதென அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல்தான் தடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தார்கள். உரிமையை நாமே பதக்கமாக்கிக் குழுவில் அனுப்பினால் நீதிமன்றம் என்ன செய்யும்?

“மாமா, இது யாரிடமும் எதுவும் கேட்காது” என்று சொல்லி அவன் வேறொன்றை வைத்துத் தந்தான். பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை. இணையத்தோடு அதற்குப் பேச்சே இல்லை. தொடங்க ஒரு பொத்தான், முடிக்க ஒரு பொத்தான், நடுவில் மெல்ல நிறையும் ஒரு வட்டம். கைப்பேசி தொலைந்தால் கணக்கும் தொலையும். அவ்வளவே அதன் குறை. அன்னையாரின் டப்பாவும் அப்படித்தானே என்று ஆறுதல் கொண்டோம்.

மறைவான கணக்கிலும் சோதனை உண்டென்பது சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விளங்கிற்று. காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருந்தோம். உணவுக்கு முன் உண்ண வேண்டிய மாத்திரை அது, உணவோ நண்பகலில். இந்த மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லவே இல்லை. பத்து மணிக்குக் கைகள் நடுங்கின. உடல் வியர்த்தது. கிதாபின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்கள் அவை என்பதை அறிவோம். அறிந்தும் கைப்பேசியைத்தான் பார்த்தோம். வட்டம் நிறைய இரண்டு மணி நேரம் இருந்தது. பொறுத்துவிடலாம் என்று சுவரில் சாய்ந்தோம்.

அடுக்களையிலிருந்து வந்த நம் இல்லத்தார் முகத்தைப் பார்த்ததுமே ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டு வந்தார். “யாருக்குக் கணக்குக் காட்ட இப்படிக் கிடக்கிறீங்க?” என்று அழுதுகொண்டே குடிக்க வைத்தார். கால்மணி நேரத்தில் உடல் தெளிந்தது. ஃபர்ளான நோன்பிலேயே நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை ஆண்டுதோறும் பாடம் சொல்பவர் நாம். அவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அதனினும் வெட்கத்திற்குரியது பின்னர் நிகழ்ந்தது. செயலியில் 14 மணி 10 நிமிடம் என்று பதிவாகியிருந்தது. பொத்தானை அழுத்த மறந்தவர்கள் நேரத்தைத் திருத்திக்கொள்ள அதில் வழி உண்டு. தொடக்கத்தை மாலை ஆறு மணி என்று மாற்றினால் பதினாறு தாண்டும், தொடர்ச்சியும் அறுபடாது. விரல் அங்கே போய்விட்டது. பார்ப்பார் யாருமில்லை. பதினேழு பேரின் மாஷா அல்லாஹ்வும் இல்லை. ஆளில்லாத இடத்தில் யாரை ஏமாற்ற விரல் நீண்டதென்று இன்றும் விளங்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ரியாவுக்கு அப்பால் உஜ்பைப் பற்றியும் ஓதியிருக்கிறோம். அது பார்வையாளரே இல்லாமல் தன்னைத் தானே வியக்கும் நோய். விரலை எடுத்துக்கொண்டோம்.

மறுநாளே மருத்துவரிடம் சென்று எல்லாவற்றையும் ஒப்புவித்தோம். அவர் மாத்திரையை மாற்றினார். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை, பன்னிரண்டு மணி நேரம் போதுமென்றார். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே வந்து பார்க்கவும் சொன்னார். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் எவராயினும் மருத்துவரைக் கேளாமல் நம் வழியில் இறங்க வேண்டாம்.

செயலி இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. உங்களுக்கும் வைத்துத் தரவா என்று இல்லத்தாரிடம் கேட்டோம். வேண்டாமென்றவர், மாமியின் தகர டப்பா பரண்மேல் இருக்கிறதா என்று கேட்டார். இறக்கித் துடைத்துக் கொடுத்தோம். புளியங்கொட்டைக்கு அடுத்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.