ரயில் விட்டுப்போன வழி

இங்கிலாந்தின் தென்கிழக்கில், லண்டனுக்கும் கடலுக்கும் நடுவே, இரண்டு சீமைச்சுண்ணாம்புக் குன்றுவரிசைகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றன. வடக்கே இருப்பது நார்த் டவுன்ஸ், தெற்கே இருப்பது சவுத் டவுன்ஸ். ஒருகாலத்தில் இரண்டும் நடுவில் மேடிட்டு நின்ற ஒரே பாறைப்படலம். உச்சி முழுக்க அரிபட்டுப்போக, ஓரங்கள் மட்டும் மிஞ்சின. இடையில் வெளிப்பட்ட களிமண்ணும் மணற்கல்லும் கொண்ட நிலப்பரப்பை வீல்டு என்கிறார்கள். கில்ட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள செயின்ட் மார்த்தா குன்றில் புறப்பட்டு, வீல்டைக் குறுக்கே கடந்து, கடலோரத்து ஷோரம் வரை சுமார் 59 கிலோமீட்டர் போகும் பாதைக்கு டவுன்ஸ் லிங்க் என்று பெயர். 1960-களில் மூடப்பட்ட இரண்டு ரயில் பாதைகளின் தடத்தில் அமைந்த இது 1984-இல் திறக்கப்பட்டது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் பொது. பெரும்பகுதியில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. குன்றுநாட்டில் சைக்கிள் பாதை என்றதும் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இந்தப் பாதையைத் தலையிலிருந்து கடைசிவரை பார்த்தால் வேறொன்று புலப்படும்: ஏற்றத்தை ரயில் பொறியாளர்கள் 1860-களிலேயே தீர்த்துவைத்துவிட்டார்கள், இன்றுவரை தீராமல் இருப்பது தடம் அறுபட்டுப்போன இடங்கள். அவை அறுபட்டதற்குக் காரணம் நிலத்தின் மேடுபள்ளம் அல்ல, நிலம் யார் கைக்குப் போனது என்பதே.

தொடக்கமே கொஞ்சம் ஏமாற்றுவது. செயின்ட் மார்த்தா குன்று 175 மீட்டர் உயரம். மேலே ஒரு சிறு தேவாலயம். ஆனால் அது சீமைச்சுண்ணாம்பு அல்ல, மணற்கல். வெள்ளைப் பாறையின் விளிம்பு அதற்குச் சற்று வடக்கே தனியாக நிற்கிறது. நார்த் டவுன்ஸ் நடைவழி இந்தக் குன்றின்மேல் ஏறிப் போவதால் இணைப்புக்கு இதைத் தலைமுனை ஆக்கினார்கள். சுமையேற்றிய சைக்கிளுக்கு இங்குள்ள மணல் உகந்ததல்ல. சரிவு முடிந்து பிராம்லியில் பழைய ரயில் தடம் கிடைத்த பிறகுதான் பாதை ஒழுங்குக்கு வருகிறது. இங்கே ஒரு மறுப்பு எழும். உண்மையான குன்றுப் பயணம் வேண்டுமென்றால் சவுத் டவுன்ஸ் வே இருக்கிறதே, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், முகட்டோடு முகடாக, முழுக்கவும் சைக்கிளுக்கு அனுமதியுள்ள வழி. பிறகு ரயில் பள்ளத்தில் எதற்காக உருள வேண்டும் என்பார்கள். குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் தந்தது. அந்த உரிமை பெரிது, முகட்டிலிருந்து தெரியும் காட்சியும் பெரிது. ஆனால் சுண்ணப்பாறை மழையில் நனைந்தால் பசைபோல வழுக்கும். அதனுள் பதிந்திருக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் உடைந்த இடத்தில் கத்தி முனையாக நின்று டயரைக் கிழிக்கும். ஆற்றுப் பள்ளங்கள் பலவற்றில் கடல்மட்டத்துக்குப் பக்கம்வரை இறங்கி மறுபடி இருநூறு மீட்டர் ஏற வேண்டும். அது மலை சைக்கிள் வைத்திருக்கும் இளைஞருக்கான வழி. கூடாரமும் துணிப்பையும் கட்டிய சைக்கிளோடு வருபவரும், பத்து வயதுப் பிள்ளையோடு வருபவரும் கேட்பது வேறு.

பிராம்லியில் பழைய நடைமேடை இன்னும் இருக்கிறது. அங்கிருந்து கிரான்லிவரை பாதைக்குத் துணையாக இன்னொரு கைவிடப்பட்ட வழியும் வருகிறது: 1816-இல் திறந்த வே அண்டு அருண் கால்வாய். 1865-இல் ரயில் வந்ததும் அதன் வரும்படி போயிற்று, 1871-இல் மூடிவிட்டார்கள். ரயிலுக்கும் நூறு வயது நிரம்பவில்லை. நாடெங்கும் ரயில் பாதைகளை வெட்டச் சொல்லி 1963-இல் வெளியான பீச்சிங் அறிக்கையில் சிக்கி 1965 ஜூனில் நின்றது. கால்வாயின் நிலம் துண்டு துண்டாகப் பலரிடம் போனதால், அதை மீட்க முயலும் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகத்தான் முன்னேறுகிறார்கள். ரயிலின் தடமோ பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் நீளவாக்கில் தங்கிற்று. அதனால் சுமார் இருபது ஆண்டில் மறுபடி மக்கள் வழியாயிற்று. இரண்டும் அருகருகே கிடப்பதால் இந்த ஒப்பீட்டுக்கு வேறு சாட்சி தேவையில்லை. கிரான்லிக்கு ரயிலையே திரும்பக் கொண்டுவரலாமே என்பது வலுவான எதிர்வாதம். கில்ட்ஃபோர்டிலிருந்து கிரான்லிவரை மீண்டும் பாதை போடலாம் என்று ரயில் நிறுவனங்களின் சங்கமே 2009-இல் சொன்னது. பெரிய ஊருக்கு ரயில் இல்லாத குறையைச் சைக்கிள் பாதை ஈடுகட்டாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அப்படியொரு யோசனையை இன்று முன்வைக்க முடிவதே, நடப்பவரும் ஓட்டுபவரும் அந்த நிலத்தைத் திறந்தே வைத்திருந்ததால்தான். கிரான்லி நிலையம் இருந்த இடத்தில் இப்போது கடைவீதி. நாளைக்கு ரயில் வந்தாலும் ஊருக்குள் எங்கே நிற்பது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கிரான்லிக்குத் தெற்கே பேனர்ட்ஸ். பண்ணை மாளிகைக்காரர் நிலம் விட்டுக்கொடுக்கக் கேட்ட விலையாகக் கட்டிய நிலையம் அது. இப்போது தனியார் வீடு, அழகாகப் பராமரிக்கப்படுகிறது. அதைத் தாண்டிய சுரங்கவழி அடைபட்டுக் கிடப்பதால் பாதை தடத்தை விட்டு மேட்டில் ஏறி மறுபுறம் இறங்குகிறது. அந்தச் சின்ன ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்குச் சுரங்கவழி என்ன வேலை செய்தது என்று மூச்சிரைப்பே சொல்லிவிடும். அடுத்துள்ள ரட்ஜ்விக்கில் இதற்கு இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. நிலையத்தின் இடத்தில் சரிவு 80-க்கு 1 என்று அமைத்திருந்தார்கள். பரிசோதிக்க வந்த அரசு அதிகாரி கர்னல் யோலண்ட், ரயில் நின்று புறப்பட இது மிகச் செங்குத்து என்று திறக்க அனுமதி மறுத்தார். சரிவை 130-க்கு 1 ஆகக் குறைக்க மேட்டுக்கரையை உயர்த்த வேண்டியதாயிற்று. அப்படி உயர்த்தியபோது அருண் ஆற்றின்மேல் ஏற்கெனவே கட்டியிருந்த செங்கல் வளைவுப் பாலம் பள்ளத்தில் தங்கிவிட்டது. இடிக்கவில்லை, அதன் தலைக்குமேல் இரும்புப் பாலம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். இந்த இரட்டைப் பாலம்தான் இன்று டவுன்ஸ் லிங்கின் சின்னம். அதிகாரியின் அந்தக் கெடுபிடியால் லாபம் அடைந்தவர் இன்றைய சைக்கிள்காரர். ஆளும் வண்டியும் மூட்டையுமாக நூறு கிலோ என்று வைத்துக்கொண்டால், 130-க்கு 1 ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னுக்கு இழுக்கும் விசை ஏழரை நியூட்டன் அளவே. சரளைத் தரையின் உராய்வே அதைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கத்துக் கிராமச் சாலைகளில் 6-க்கு 1 என்ற ஏற்றம் வந்தால் அதே எடைக்கு விசை நூற்றறுபதைத் தாண்டும். கியர் மாற்றி மிதிப்பதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஸ்லின்ஃபோல்டு கடந்து கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் நிலையம் வருகிறது. பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். லண்டனிலிருந்து 1902-இல் இடம்பெயர்ந்த பழம்பெரும் பள்ளி. பாதையின் நடுவே இங்கே மட்டும் ரயில் இன்னும் ஓடுகிறது. எனவே பாதை தடத்தை விட்டு விலகி, உயிரோடுள்ள இருப்புப்பாதையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கிறது. வரைபடத்தில் இது அறுந்த முடிச்சு போலத் தெரியும். வரலாற்றைப் பார்த்தால் இந்த இடம் ரயில் காலத்திலேயே அறுந்ததுதான். வடக்கே கில்ட்ஃபோர்டுப் பாதை, தெற்கே 1861-இல் திறந்த ஸ்டெய்னிங் பாதை. இரண்டையும் நேராகச் சேர்க்க இச்சிங்ஃபீல்டு சந்திப்பில் ஒரு வளைவுத் தடம் 1865-இல் போட்டார்கள். இரண்டே ஆண்டில், 1867-இல், அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு கிட்டத்தட்ட நூறு ஆண்டுகாலம் கில்ட்ஃபோர்டிலிருந்து ஷோரம் போகும் ரயில் எதுவும் திசை திரும்பாமல் போக முடியவில்லை. வழியிலுள்ள சிற்றூர்கள் எவ்வளவு பேரை ஏற்றிவிட முடியும்? நீளத்தின் பயனை இழந்த ரயில், இரண்டு கிளைப் பாதைகளாகத் தேய்ந்து முடிந்ததில் வியப்பில்லை. நார்த் டவுன்ஸையும் சவுத் டவுன்ஸையும் ஒரே வழியாக இணைக்கும் வேலையை ரயில் செய்யவில்லை. தண்டவாளம் போன பிறகு வந்த பாதைதான் அதைச் செய்தது.

சவுத்வாட்டரில் செங்கல் சூளைக் களிமண் குழிகள் இப்போது ஏரிகளோடு கூடிய பூங்கா. வெஸ்ட் கிரின்ஸ்டெட்டில் நடைமேடையும் ஒரு ரயில் பெட்டியும் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதி ஓட்டுவதற்குச் சுகமானது, சொல்வதற்கு அதிகமில்லை. ஹென்ஃபீல்டில்தான் தடம் வீடுகளில் முட்டி நிற்கிறது. நிலையம் இருந்த மனையில் எழுந்த குடியிருப்புத் தெருவுக்கு பீச்சிங்ஸ் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வெட்டியவரின் பெயரையே வெட்டிய இடத்துக்கு வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். சைக்கிள்காரர் அங்கே சாலைக்கு இறங்கி மறுபடி தடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஸ்டெய்னிங்கில் நிலைமை கடுமை. தடத்தின்மேலேயே ஊர்ப் புறவழிச்சாலை போட்டுவிட்டதால், பாதை பண்ணை வழிகளில் ஒதுங்கி, விரைந்து வரும் வண்டிகளுக்கு நடுவே அந்தச் சாலையைக் கடக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அமைதியாக வந்தது போதாதா, ஒரு சாலையைக் கடப்பதில் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். பழகிய ஓட்டுநருக்கு ஒன்றும் குறையாது. ஆனால் இத்தகைய பாதை யாருக்காக இருக்கிறதோ அவர்கள், பிள்ளைகளோடு வருபவர்களும் முதியவர்களும் புதிதாக ஓட்டுபவர்களும், பயணத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள மிக மோசமான இருநூறு மீட்டரை வைத்துத்தான். சராசரி அவர்களுக்குப் பொருளற்றது.

பிராம்பரில் குன்றுகள் நெருங்கி வருகின்றன. மேற்கே 238 மீட்டரில் சாங்டன்பரி வளையம். 1760-இல் நட்ட பீச் மரங்கள், 1987 புயலில் பெரும்பகுதி சாய்ந்தன. கிழக்கே ட்ரூலி ஹில். நடுவே அடூர் ஆறு சுண்ணப்பாறையை அறுத்துத் திறந்த இடைவெளி. நார்மன் பிரபு பிராம்பர் கோட்டையைக் கட்டியதும் ரயில் கடலுக்கு நுழைந்ததும் இந்த வாசலைப் பார்த்துத்தான். சவுத் டவுன்ஸ் வே இங்கே மேலிருந்து இறங்கி ஆற்றைக் கடந்து மறுபடி ஏறுகிறது; டவுன்ஸ் லிங்க் ஆற்றோடு சமதளத்தில் நழுவிவிடுகிறது. ரயில் தடத்தில் காட்சி இல்லை, வெட்டுப்பள்ளங்களும் மரச்செறிவும் கண்ணை மறைக்கின்றன என்ற குறை வீல்டில் ஓரளவு உண்மை. இங்கே அது செல்லாது. குன்றின் முழு உயரமும் அடிவாரத்திலிருந்து பார்க்கும்போதுதான் தெரியும். கரையில் பீடிங் சிமென்ட் ஆலையின் கூடு நிற்கிறது, பின்னால் வெள்ளையாகப் பிளந்த குவாரி. பயணிகள் ரயில் 1966 மார்ச்சில் நின்ற பிறகும் இந்த ஆலைக்காகத் தெற்குத் துண்டில் சரக்கு வண்டி பல ஆண்டுகள் ஓடியது. ஆலை 1991-இல் மூடியது.

ஷோரத்துக்குள் நுழையுமுன் ஆற்றின்மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் மரப்பாலம் ஒன்று. நெடுஞ்சாலைப் போக்குவரத்தை 1960-களின் கடைசிவரை அது தாங்கியது. இப்போது அதில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. இந்தப் பாதைக்கு வருபவர்களில் பலர் காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், பிறகு இதில் என்ன போக்குவரத்துக் குறைவு என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. நியாயமான முணுமுணுப்பு, ஆனால் அதற்கான விடை பாதையின் இரு முனைகளிலும் நடுவிலும் இருக்கிறது. செயின்ட் மார்த்தா குன்றடியில் சில்வொர்த் நிலையம், இடையில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல், கடைசியில் ஷோரம் நிலையம் ஆகிய மூன்றும் ஓடும் ரயிலில் இருக்கின்றன. அந்த ரயில்களில் சைக்கிளுக்கு எத்தனை இடம், எந்த நேரத்தில் ஏற்றலாம் என்பதை முடிவு செய்பவர்களும், ஸ்டெய்னிங் புறவழிச்சாலையின் குறுக்கே ஒரு பாலம் போடலாமா என்று முடிவு செய்பவர்களும் வெவ்வேறு அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.