விருப்பப் பாடல்

பாடலைப் பற்றிய வழக்குக்கு நடுவர் இல்லை. 1952 இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் நடுவராக முயன்றார். சாஸ்திரிய இசையே தரமானதெனக் கருதிய அவர், அகில இந்திய வானொலியில் திரையிசையை ஒடுக்கினார். நேயர்களோ இலங்கை வானொலியை நாடினர். 1957 இல் விவித் பாரதியைத் தொடங்கித் திரையிசைக்கு மீண்டும் இடமளிக்க நேர்ந்தது.

அதே வழக்கு எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வீடொன்றிலும் நிகழ்ந்தது. தந்தை கீர்த்தனைகளைப் போற்றினார்; மகன் பொப்பிசையில் மயங்கினான்.

"இதிலை இராகம் எங்கையடா?"

"இதிலை எங்கட பேச்சு இருக்குது, ஐயா."

ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தாரல்லர்.

தந்தை மறைந்தபின் ஒரு மாலை, அவர் விரும்பிய கீர்த்தனை வானொலியில் ஒலித்தது. நிலையத்தை மாற்ற நீண்ட மகனின் கை இடையில் நின்றது. இராகத்தின் பெயர் அப்பொழுதும் அவனுக்குத் தெரியவில்லை. ஆயினும், மறுத்துரைக்க ஆளில்லாத வீட்டிலே தன் பாட்டும் சுவை குன்றியிருந்ததை அவன் முன்னரே உணர்ந்திருந்தான். கீர்த்தனை முடியும்வரை கேட்டிருந்தான்.

விருப்பம் தனிமையிற் பிறக்கலாம். அது வாழ்வதற்கு எதிர்வாதம் புரியும் ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.